ஊரில் எடுக்க ஒன்றும் இல்லை என்பவருக்கு வாரம் ஒரு தலைப்பு

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எட்டு மாதம் முன்பு தவணையில் ஒரு கேமரா வாங்கினேன். கூட வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் குருவி, சூரிய அஸ்தமனம், அக்கா பையன் என்று எடுத்துத் தள்ளினேன். இப்போது கேமரா பை அலமாரியில் தூங்குகிறது. வாரம் ஒரு தலைப்பு கொடுத்துப் படம் கேட்கும் குழுக்களில் சேரலாமா? காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டு. இருப்பதோ சின்ன ஊர், எடுக்க ஒன்றும் இல்லை. சின்னப் பொருளை நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வேறு வாங்க வேண்டியிருக்குமா?"

சேருங்கள். ஆனால் எதற்காகச் சேர்கிறோம் என்று தெரிந்துகொண்டு சேருங்கள். இல்லாவிட்டால் ஏழாவது வாரம் பை மறுபடி அலமாரிக்குப் போய்விடும். எனக்கு அப்படித்தான் ஆனது. முதல் தடவை ஏழு வாரம் தாங்கினேன், இரண்டாம் தடவை பத்தொன்பது. மூன்றாம் தடவைதான் 52 வாரத்தையும் முடித்தேன். அதிலும் ஒரு பத்துப் படத்தை இப்போது யார் கேட்டாலும் காட்ட மாட்டேன்.

கேமரா தூங்குவதற்கு நேரம் இல்லாததைக் காரணமாகச் சொல்லிக்கொள்கிறோம். ராத்திரி பத்து மணிக்கு முக்கால் மணி நேரம் ரீல்ஸ் பார்க்க மட்டும் நேரம் எப்படியோ வந்துவிடுகிறது. கேமராவைக் கையில் எடுத்ததும் "எதை எடுப்பது?" என்று ஒரு கேள்வி வருகிறது பாருங்கள், அதுதான் ஆளைச் சோர வைக்கிறது. சமைப்பதைவிட "இன்றைக்கு என்ன சமைக்க?" என்று யோசிப்பதுதான் அலுப்பு என்று வீட்டில் சொல்வார்களே, அதே கதை. தலைப்பு வந்துவிட்டால் அந்த யோசனையில் முக்கால்வாசி குறைந்துவிடும். 'வட்டம்' என்று சொல்லிவிட்டார்கள், சரி. இனி குருவியும் வேண்டாம், அஸ்தமனமும் வேண்டாம். பல் தேய்க்கும்போதே வாஷ்பேசின் ஓட்டை கண்ணில் படும். பஸ்ஸில் ஏறினால் ஸ்டியரிங். டீக்கடையில் கிளாஸைத் தூக்கினால் மேஜையில் அது விட்டுப்போன ஈரத் தடம். எல்லாம் நேற்றும் அங்கேயே இருந்தவைதான்.

குழுக்களில் பல ரகம் உண்டு. 52 ஃப்ரேம்ஸ் என்று ஒன்று. வருடம் முழுக்க வாரம் ஒரு தலைப்பு, வாரக் கடைசிக்குள் ஒரே ஒரு படம். வருடத்தின் முதல் வாரத் தலைப்பு தன்னைத்தானே எடுத்துக்கொள்வது. கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் நம்மைப் போன்றவர்களை ஆரம்பத்திலேயே பிடித்து முன்னால் நிறுத்திவிடுவார்கள். படம் பகிரும் ஃபிளிக்கர் தளத்தில் மேக்ரோ மண்டேஸ் இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும்தான் படம் போட வேண்டும், படத்துக்குள் தெரியும் இடம் மூன்று அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 2002-இல் தொடங்கிய டிபிசேலஞ்ச் என்ற தளத்தில் ஓட்டெடுப்பு முடியும்வரை யார் எடுத்த படம் என்று தெரியாது. ஒன்றிலிருந்து பத்துக்குள் மார்க் போடுவார்கள். கொஞ்சம் எருமைத் தோல் இருப்பவர்களுக்கு அது நல்ல பள்ளிக்கூடம். நான் அங்கே நாலு மார்க் வாங்கிவிட்டு இரண்டு நாள் வீட்டில் சரியாகப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

நான் 52 வாரம் முடித்தது இவற்றில் எதிலும் இல்லை. திருச்சியில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தோம். ஆளுக்கு ஏழு தலைப்பு சீட்டில் எழுதி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டோம். ஞாயிறு ராத்திரி ஒருவர் வீட்டுக் குழந்தை ஒரு சீட்டை எடுக்கும், அதுதான் அந்த வாரத்துக்கு. உலகக் குழுவில் ஆயிரம் படங்களோடு நம் படமும் ஒன்றாகப் போய்விடும். எட்டுப் பேர் குழுவில் நீங்கள் போடாவிட்டால் "என்ன ஆச்சு?" என்று போன் வரும். ஆரம்பிப்பவருக்கு அந்த போன்தான் தேவை.

எந்தக் குழுவாக இருந்தாலும் ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: படம் அந்த வாரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கைத் தோண்டி எடுத்துப் போட்டால் யாருக்கும் தெரியாது என்று தோன்றும். இரண்டாம் தடவை நான் நின்றுபோனதே அதனால்தான். 'பாலம்' என்று தலைப்பு வந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய கொள்ளிடம் பாலத்துப் படம் ஒன்று இருந்தது, போட்டுவிட்டேன். பாராட்டு குவிந்தது. அடுத்த வாரம் கேமராவைத் தொடாமல் நேராக ஹார்ட் டிஸ்கைத்தான் தொட்டேன். அதற்கு அடுத்த வாரம் அதையும் தொடவில்லை.

இனி முக்கியமான விஷயம். தலைப்பைப் பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டு பொருளைத் தேடிப் போகாதீர்கள். 'சிவப்பு' என்றால் எல்லோரும் தக்காளி எடுப்பார்கள், நீங்களும் எடுப்பீர்கள். தலைப்புக்குக் கீழே ஒரு வினைச்சொல்லை எழுதிப் பாருங்கள். சிவத்தல் என்று எழுதினால் மருதாணி வைத்து மறுநாள் காலை கழுவிய கை நினைவுக்கு வரும், வெற்றிலை போட்ட வாய் வரும், பட்டறையில் காயும் இரும்பு வரும். 'வெயில்' என்பதற்குக் கீழே காய்தல் என்று எழுதுங்கள். மொட்டை மாடியில் வடாம், கொடியில் துணி, ரோட்டில் கொட்டிப் பரப்பிய நெல். இது நானாகக் கண்டுபிடித்த வழி இல்லை, ஒரு பூக்கார அக்காவால் வந்தது.

அந்த வாரம் சீட்டில் வந்த தலைப்பு 'முடிச்சு'. திங்கட்கிழமை ஷூ லேஸை எடுத்தேன், ஷூ லேஸ் மாதிரியே இருந்தது. செவ்வாய் லாரியில் தார்ப்பாய் கட்டிய கயிறு. அதை எட்டுப் பேரில் மூன்று பேர் எடுப்பார்கள் என்று எடுக்கும்போதே தெரிந்தது. புதன் சாயங்காலம் உறையூரில் எங்கள் தெரு முனையில் வண்டியை நிறுத்தி வீட்டுக்கு இரண்டு முழம் மல்லி வாங்கும்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். ஆறு வருடமாக அவரிடம்தான் பூ வாங்குகிறேன், கையைப் பார்த்ததே இல்லை. பக்கத்துக் கிண்ணத்தில் தண்ணீரில் ஊறும் வாழைநார். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நாரை விரலில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விட்டு ஓர் இழுப்பு. ஒரு கண்ணி முடிந்தது. இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

"அக்கா, கையை மட்டும் படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "மூஞ்சி நல்லா இல்லைன்னு சொல்றியா தம்பி?" என்று சிரித்துவிட்டு, கட்டுவதை நிறுத்தாமல் தலையை ஆட்டினார்.

முதலில் ஷட்டரை 1/500-இல், அதாவது விநாடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் திறக்கும்படி வைத்து எடுத்தேன். எல்லாம் துல்லியமாக வந்தது, ஆனால் விரல்கள் பொம்மைக் கடை விரல்கள் போல அசையாமல் நின்றன. அந்த வேகம்தானே என்னை நிறுத்தியது, அது படத்தில் இல்லை. சரி, ஷட்டரைக் குறைக்கலாம் என்றால் ஐந்து மணி வெயிலில் 1/15 வைத்தால் படம் வெளுத்துப் போகிறது, லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை எவ்வளவு சுருக்கினாலும் போதவில்லை. மறுநாள் ஆறரைக்குப் போனேன். வெளிச்சம் இறங்கியிருந்தது. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 100, துளை எஃப் 8, ஷட்டர் 1/15. முழங்கையைக் காலிப் பழப் பெட்டியில் ஊன்றிக்கொண்டு மூச்சைப் பிடித்து அறுபது படம் எடுத்திருப்பேன். நாலு தேறியது. அதில் ஒன்றில், கட்டி முடித்த கண்ணிகள் ஒவ்வொரு மொட்டும் தெளிவாகத் தெரிய, விரல்கள் மட்டும் புகை போலக் கரைந்திருந்தன. நார் ஒரு வெள்ளைக் கோடாக வளைந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. முடிச்சைத் தேடியவரை கிடைக்காதது, முடிச்சுப் போடுவதைத் தேடியதும் கிடைத்தது. படத்தை 4×6 பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கல்லாப் பெட்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்.

ஊரில் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். பிராக் நகரத்துப் புகைப்படக்காரர் ஜோசப் சுடெக் முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940-இலிருந்து 1954 வரை தன் ஸ்டூடியோ சன்னலையே திரும்பத் திரும்ப எடுத்தார். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் தொடங்கிய வேலை அது. கண்ணாடியில் படியும் ஆவி, பனி, வெளியே ஒரு கோணல் மரம், சன்னல் திட்டில் ஒரு டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான் ஊர். எட்வர்ட் வெஸ்டன் என்ற இன்னொரு புகைப்படக்காரர் 1930-இல் ஒரு குடைமிளகாயை தகரப் புனலுக்குள் வைத்து எடுத்த படம் இன்றும் பேசப்படுகிறது. உங்கள் ஊர் மளிகைக் கடையில் குடைமிளகாய் கிடைக்கும்தானே? புனலும் கிடைக்கும்.

ஒரு வாரம் 'பிரதிபலிப்பு' வந்தது. மே மாதம். காவிரியில் மணல்தான் கிடந்தது. மேட்டூரில் ஜூன் 12-க்குத் திறப்பதுதான் வழக்கம். குழுவில் ஆளாளுக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திட்டினார்கள். நான் முடி வெட்டப் போன இடத்தில் எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடி இருந்தது. ஒன்றுக்குள் ஒன்றாக நாற்காலி, நாற்காலிக்குள் நாற்காலி. எளிதாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு சிக்கல் வந்தது. ஒன்று, கேமரா கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை ஃபோகஸ் செய்துவிட்டு உள்ளே இருக்கும் ஆளை மங்கலாக்கிவிட்டது. கண்ணாடிக்குள் தெரியும் ஆள் கண்ணாடியின் பரப்பில் இல்லை. கேமராவிலிருந்து கண்ணாடி எவ்வளவு தூரமோ, கண்ணாடியிலிருந்து ஆள் எவ்வளவு தூரமோ, இரண்டையும் கூட்டிய தூரத்தில் இருக்கிறார். அதனால் ஃபோகஸ் புள்ளியை ஆள் முகத்தில் வைத்து, துளையை எஃப் 11 வரை சுருக்க வேண்டியிருந்தது. இரண்டு, கடையின் எல்இடி விளக்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மலிவான விளக்குகள் விநாடிக்கு நூறு தடவை துடிக்கும். 1/250-இல் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் போய்விடும். இந்த இரண்டையும் நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். கையில் ஒட்டியது அந்தச் சலூனில்தான்.

'நிழல்' வந்தால் மட்டும் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்கு வருடத்தில் இரண்டு தடவை நிழலில்லா நாள் உண்டு. திருச்சி பக்கம் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வேளையில் நிழல் காலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். அந்த வாரத்தில் மத்தியானம் கேமராவோடு அலைந்த ஆள் நான். டிசம்பரில் அப்படி இல்லை, நடு மத்தியானத்திலும் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் கம்பி, கோலம், கொடித்துணி எல்லாவற்றுக்கும் நிழல் இருக்கும்.

இரவு எட்டுக்கு வருகிறவருக்கு வேலை நாட்களில் கேமரா தேவையில்லை. திங்கள் முதல் புதன் வரை போனில் எடுங்கள், குப்பையாக இருக்கட்டும். முதலில் தோன்றும் மூன்று யோசனையும் எல்லோருக்கும் தோன்றுவதுதான். அவை போனில் தீர்ந்து போகட்டும். வியாழன் வாக்கில் நாலாவது ஒன்று வரும். அதை வெள்ளி ராத்திரி வீட்டிலோ சனிக்கிழமை காலையிலோ கேமராவில் எடுங்கள். ராத்திரி என்றால் ஒரு மேஜை விளக்கு, பின்னால் ஒரு கறுப்புச் சார்ட் பேப்பர், எதிர்ப் பக்கம் டிவி வந்த அட்டைப்பெட்டியில் இருந்த தெர்மகோல். விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள், தெர்மகோல் மறுபக்க இருட்டைக் கொஞ்சம் நிரப்பும். அறையின் ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நிறத்து வெளிச்சம் கலந்து தோல் பச்சையாகத் தெரியும்.

எடுப்பதைவிடப் பொறுக்குவது கஷ்டம். அறுபதில் ஒன்று. எல்லோரும் தான் கஷ்டப்பட்டு எடுத்ததைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றேன், ஆகவே இது நல்ல படம்! பார்ப்பவருக்கு அந்த வெயில் தெரியாது. நான் செய்வது இது: மூன்று படத்தை மட்டும் ஒதுக்கி, தலைப்பைச் சொல்லாமல் என் மனைவியிடம் காட்டுவேன். படக்கலையில் அவளுக்கு ஒரு ஆர்வமும் கிடையாது, அதுதான் வசதி. எதில் கண் இரண்டு விநாடி கூடுதலாக நிற்கிறதோ அது. தலைப்பை அவள் ஊகித்துவிட்டால் மகிழ்ச்சி, ஊகிக்காவிட்டாலும் பரவாயில்லை. தலைப்பை உரக்கக் கத்தும் படம் பெரும்பாலும் மட்டமான படமாகத்தான் இருக்கும் என்பது என் கட்சி. குழுவில் இரண்டு பேர் இன்னும் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

லைக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த மாதம் கேட்பீர்கள். "சூப்பர் ஜி", "அருமை" என்பதெல்லாம் மொய் எழுதுவது மாதிரி. நாம் போட்டால் அவர் போடுவார். மனது குளிரும், படம் தேறாது. படத்தைப் போடும்போதே "எது இடிக்கிறது, ஒன்று மட்டும் சொல்லுங்கள்" என்று எழுதிவிடுங்கள். இரண்டு பேர் நேர்மையாகச் சொன்னால் போதும். பூக்கட்டும் படத்தில் ஒருவர், "மூலையில் ஒரு நீல பிளாஸ்டிக் கவர் இழுக்கிறது" என்றார். அதற்கு முன்னால் நான் அதைப் பார்க்கவே இல்லை. இப்போது எந்தப் படத்திலும் முதலில் மூலைகளைத்தான் பார்க்கிறேன்.

ஒரு வாரம் தவறினால் தவறட்டும். அதை அடுத்த வாரம் சேர்த்துச் செய்கிறேன் என்று கடன் வைக்காதீர்கள், மூன்று வாரக் கடன் சேர்ந்தால் ஆள் ஓடிவிடுவார். அப்புறம், தெருவில் ஆட்களை எடுப்பதானால் கேட்டு எடுங்கள், பிள்ளைகளானால் பெற்றவர்களிடம் கேளுங்கள். 'பக்தி' என்று தலைப்பு வந்தால் கோயிலுக்குள் எடுக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். கோயில்களில் செல்போனுக்குத் தடை கொண்டுவரச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கேமராவோடு போய் வாசலில் வாக்குவாதம் செய்வதில் அர்த்தமில்லை. வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளே ஒரு வருடத்துக்குத் தாங்கும்.

கடைசியாக லென்ஸ். வாங்காதீர்கள், குறைந்தது 52 வாரம் முடியும்வரை. உங்கள் 18-55 பெரும்பாலும் 25 செ.மீ. வரை நெருங்கும், அந்தத் தூரம் லென்ஸின் முனையிலிருந்து இல்லை, கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரிலிருந்து. ஜூமை 55-இல் வைத்து அந்த எல்லைவரை நெருங்கினால் படத்துக்குள் வருவது சுமார் ஆறரை செ.மீ. அகலம். மூன்று அங்குலம் என்பது ஏழரை செ.மீ. சொச்சம். ஆக மேக்ரோ மண்டேஸ் விதிக்குள்ளேயே இந்த லென்ஸ் வந்துவிடுகிறது. இன்னும் நெருக்கமாகப் பார்க்க ஆசை வந்தால் லென்ஸைக் கழற்றித் திருப்பி, முன்பக்கம் கேமராவைப் பார்க்கும்படி கையால் பிடித்து எடுத்துப் பாருங்கள். 18-இல் வைத்தால் எறும்பின் கால் தெரியும். ஃபோகஸ் வளையம் உதவாது, நாம்தான் முன்னும் பின்னும் நகர வேண்டும். துளையும் கேமரா சொல்வதைக் கேட்காது. கெனான் லென்ஸாக இருந்தால் கழற்றியதும் முழுக்கத் திறந்தே நிற்கும், நிக்கானாக இருந்தால் மூடிக்கொள்ளும், பின்பக்கம் இருக்கும் குட்டி நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடிக்க வேண்டும். தூசி உள்ளே போகாமல் மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இது பிடித்துப்போனால் லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, கை மிச்சமாகும். வாங்கும் முன் லென்ஸ் முகப்பில் விட்டம் எவ்வளவு என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 18-55 என்றே பெயர் இருந்தாலும் 52, 55, 58 மி.மீ. என்று மாடலுக்கு மாடல் மாறும். நான் பார்க்காமல் வாங்கிய 52 இன்னும் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. உங்களுடையது 52 என்றால் சொல்லுங்கள், கூரியரில் அனுப்பி வைக்கிறேன்.